சிறுநீரக மாற்றுக்குப் பிறகு ரத்தநாளச் சிக்கல்கள்: அறுவை சிகிச்சைக்கான முழுமையான வழிகாட்டி

மாற்றிப் பொருத்தப்படும் சிறுநீரகம், பழைய சிறுநீரகங்கள் இருக்கும் முதுகுப்புறத்தில் வைக்கப்படுவதில்லை. பெரும்பாலும் வலது அடிவயிற்றில், இடுப்பெலும்பின் குழிவில், குடலைச் சூழ்ந்துள்ள பெரிட்டோனிய உறைக்கு வெளியே அது அமர்த்தப்படுகிறது. காலுக்குச் செல்லும் வெளி இடுப்புத் தமனியின் பக்கவாட்டில் சிறு திறப்பு ஏற்படுத்திச் சிறுநீரகத் தமனியைத் தைக்கிறார்கள்; பக்கத்திலுள்ள இடுப்புச் சிரையில் சிறுநீரகச் சிரை தைக்கப்படுகிறது. உள் இடுப்புத் தமனியை வெட்டி அதன் முனையோடு நேராக இணைப்பதும் உண்டு. ரத்தநாளங்களை ஒன்றோடொன்று தைக்கும் முறையை வகுத்தளித்ததற்காக அலெக்சிஸ் காரெல் 1912இல் நோபல் பரிசு பெற்றார். பாஸ்டனில் 1954இல் ஜோசப் மரே குழுவினர் ஒத்த இரட்டையரிடையே செய்த மாற்றும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் நடந்த இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றும் அந்தத் தையலை நம்பியே நடந்தன.

அந்த இரண்டு தையல்களைத் தவிர மாற்றுச் சிறுநீரகத்துக்கு வேறு ரத்த வழி கிடையாது. உடலோடு பிறந்த சிறுநீரகத்துக்குச் சுற்றியுள்ள திசுக்களிலிருந்து கிடைக்கும் சிறு துணை நாளங்கள்கூட இதற்கு இல்லை. ஆகவே தமனியோ சிரையோ முழுவதும் அடைபட்டால், உடலின் வெப்பநிலையில் சிறுநீரகம் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் தாங்கும். தானம் பெற்ற சிறுநீரகத்தைப் பனிக்கட்டியில் 4 டிகிரி செல்சியஸ் அளவில் 24 மணி நேரம்வரை பாதுகாக்க முடிகிறது என்பதை இதனுடன் சேர்த்துப் பார்த்தால், பின்னால் வரும் படிகள் பலவற்றின் காரணம் தானே விளங்கும்.

ரத்தநாளச் சிக்கல்களில் இரண்டு வேகங்கள் உண்டு. முதல் சில நாள்களில் வருபவை ரத்தக்கசிவு, தமனி அடைப்பு, சிரை அடைப்பு ஆகியவை. இவற்றில் நிமிடங்கள் கணக்கு. மாதங்கள் கழித்து வருவது தமனிச் சுருக்கம். அதில் அவசரப்பட்டுக் கத்தியை எடுப்பதே தீங்காக முடியலாம். இரண்டையும் ஒரே மனநிலையோடு அணுகுவதால் விளையும் இழப்புகளே அதிகம் என்பது என் கருத்து. நோயாளியின் குடும்பத்தினருக்கும், வார்டில் பொறுப்பேற்றிருக்கும் செவிலியருக்கும், பயிற்சி மருத்துவருக்கும் பயன்படும் வகையில் இதை எழுதுகிறேன். சிகிச்சை முடிவுகளை நோயாளியை நேரில் பார்க்கும் குழுவே எடுக்க வேண்டும்.

முதல் படி: சிறுநீர்ப் பையைக் கவனித்தல்

அறுவை முடிந்து ஐசியூவுக்கு வந்த நோயாளியின் கட்டிலோரம் தொங்கும் சிறுநீர்ப் பைதான் முதல் எச்சரிக்கை மணி. ஒவ்வொரு மணிக்கும் வரும் அளவு தாளில் குறிக்கப்படுகிறது. உயிருடன் இருப்பவர் தானமளித்த சிறுநீரகமானால் தொடக்கத்தில் மணிக்குச் சில நூறு மில்லி வருவது இயல்பு. அப்படி வந்துகொண்டிருந்தது ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே திடீரென நின்றால், உடனே மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். முதலில் சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாயான கதீட்டரில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா என்று பார்த்து, ஊசிக்குழலால் சலைன் செலுத்திக் கழுவ வேண்டும். அடுத்து ரத்த அழுத்தமும் உடலின் நீர்ச்சத்து நிலையும் போதுமானவையா என்று பார்க்க வேண்டும். இவை இரண்டுக்கும் ஐந்து நிமிடங்களுக்கு மேல் தேவையில்லை. மூன்றாவது, நாளங்களில் ரத்தம் ஓடுவதைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனுக்கு அழைப்பு விடுப்பது. முதல் இரண்டும் முடியட்டும் என்று இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. சில நோயாளிகளுக்குப் பழைய சிறுநீரகங்கள் இன்னும் தினமும் ஓரளவு சிறுநீரைச் சுரந்துகொண்டிருக்கும். புதிய சிறுநீரகம் முற்றிலும் நின்றுவிட்ட பிறகும் பையில் சிறுநீர் விழுவதைப் பார்த்து ஏமாந்துவிட வாய்ப்புண்டு. அறுவைக்கு முன்பு அவருக்கு ஒரு நாளில் எவ்வளவு சிறுநீர் போயிற்று என்பதைக் குடும்பத்தினர் சரியாகச் சொல்லி, அது கேஸ் ஷீட்டில் பதிவாகியிருப்பது அதனால்தான் முக்கியம். மற்றொன்று, மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெற்ற சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கவே சில நாள்கள் ஆகலாம். அதுவரை டயாலிசிஸ் தொடரும்; சிறுநீர் வராததை யாரும் புதிய செய்தியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அத்தகையவர்களுக்கு டாப்ளர் ஒன்றுதான் கண்; அறுவை முடிந்த முதல் நாளிலேயே ஒரு ஸ்கேன் எடுத்து வைத்து, பிறகு வருபவற்றை அதனோடு ஒப்பிட வேண்டும்.

வலியைப் பற்றியும் ஒரு சொல். மாற்றுச் சிறுநீரகத்தின் நரம்புகள் வெட்டப்பட்டவை. தமனி அடைத்தால் பெரும்பாலும் எந்த வலியும் தெரியாது. சிறுநீர் மட்டும் நிற்கும். சிரை அடைத்தால் ரத்தம் உள்ளே வந்து வெளியேற வழியில்லாமல் சிறுநீரகம் வீங்கி, சுற்றியுள்ள திசுக்களை அழுத்துவதால் தையலிட்ட இடத்தில் கடும் வலி, வீக்கம், சிவந்த சிறுநீர் ஆகியவை தோன்றும். ஆகவே நோயாளி நிம்மதியாகப் படுத்திருக்கிறார் என்பதை நல்ல அறிகுறியாகக் கொள்ளக் கூடாது.

ரத்தக்கசிவின் அடையாளங்கள் வேறு. நாடித்துடிப்பு ஏறும், ரத்த அழுத்தம் இறங்கும், ஹீமோகுளோபின் குறையும். இடுப்பிலோ முதுகிலோ வலி பரவும். உள்ளே சேரும் ரத்தத்தை வெளியேற்றும் ட்ரெயின் குழாயில் ரத்தம் வரவில்லை என்பதால் உள்ளே கசிவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. ரத்தம் உறைந்து குழாயையே அடைத்திருக்கலாம்.

இரண்டாம் படி: டாப்ளர் என்ன சொல்கிறது

டாப்ளர் கருவியைக் கட்டிலருகே கொண்டுவர முடிந்தால் அதுவே சிறப்பு. சிறுநீரகத்துக்குள் எங்குமே தமனி ஓட்டம் தென்படாவிட்டால் தமனி அடைப்பு என்று பொருள். சிரையில் ஓட்டம் இல்லாமல், தமனியில் இதயம் விரியும் நேரத்தில் ரத்தம் பின்னோக்கித் திரும்பினால் சிரை அடைப்பை முதலில் நினைக்க வேண்டும். பின்னோக்கிய ஓட்டம், உடல் புதிய சிறுநீரகத்தை எதிர்க்கும் கடுமையான நிராகரிப்பிலும், சிறுநீரகத்தின் நுண்குழல் உயிரணுக்கள் பெரிதும் சேதமடைந்த நிலையிலும் வரக்கூடும் என்பதால், சிரையைத் தனியே தேடிப் பார்ப்பது அவசியம். சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தக்கட்டி சேர்ந்திருக்கிறதா, நிணநீர்த் தேக்கம் சிரையை அழுத்துகிறதா என்பதும் இதே ஸ்கேனில் தெரியும்.

முதல் வாரத்தில் டாப்ளர் ஐயத்துக்கிடமாக இருந்தால், நாளங்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோவுக்கு வரிசையில் நிற்பதைவிட வயிற்றைத் திறந்து பார்ப்பதே மேல் என்று பெரும்பாலான மாற்று அறுவை நிபுணர்கள் கருதுகிறார்கள். திறந்து பார்த்து ஒன்றும் இல்லையென்றால் நோயாளிக்கு ஒரு கூடுதல் மயக்கமருந்தும் சில நாள் வலியும் மிச்சம். திறக்காமல் காத்திருந்து உண்மையிலேயே அடைப்பு இருந்தால் சிறுநீரகமே போய்விடும்.

மூன்றாம் படி: தியேட்டருக்குக் கொண்டுசெல்லுதல்

இந்தக் கட்டத்தில் குடும்பத்தினரிடம் கேட்கப்படும் ஒப்புதலில் மூன்று செய்திகள் தெளிவாக இருக்க வேண்டும்: மீண்டும் திறக்கிறோம், அடைப்பைச் சரிசெய்ய முயல்வோம், இயலாவிட்டால் சிறுநீரகத்தை அகற்ற நேரிடலாம். மூன்றாவதைச் சொல்லத் தயங்கும் மருத்துவர்கள் உண்டு. தாயோ மனைவியோ தானமளித்த சிறுநீரகம் என்றால் தயக்கம் இன்னும் கூடும். ஆயினும் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் முறை.

தியேட்டரில் ரத்தநாள அறுவைக் கருவிகளோடு, மெல்லிய பாலிபுரோப்பிலீன் தையல் நூல், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், உறைவுகளை வெளியே இழுக்கும் பலூன் கதீட்டர், நொறுக்கிய பனிக்கட்டி, குளிர்ந்த பாதுகாப்புத் திரவம் ஆகியவை நோயாளி வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். பலூன் கதீட்டரை 1960களின் தொடக்கத்தில் தாமஸ் ஃபோகார்ட்டி உருவாக்கினார். இன்றும் அவர் பெயராலேயே தியேட்டரில் அதைக் கேட்டு வாங்குகிறார்கள். பொருத்தமான ரத்தத்தையும் முன்னதாகவே கேட்டு வைக்க வேண்டும்.

நான்காம் படி: திறந்தவுடன் பார்க்க வேண்டியவை

பழைய தையல் வழியாகவே உள்ளே செல்கிறார்கள். சிறுநீரகத்தின் நிறமும் உறுதியும் நோயைச் சொல்லிவிடும். வெளிறி, திட்டுத் திட்டாக, கைக்குத் தளர்ந்து போயிருந்தால் தமனியில் கோளாறு. நீலம்பாரித்து, வீங்கி, கல்போல் இறுகியிருந்தால் சிரையில் கோளாறு. சில வேளைகளில் வீக்கம் தாங்காமல் சிறுநீரகத்தின் மேலுறை கிழிந்து ரத்தம் வடிந்துகொண்டிருக்கும்.

எதையும் வெட்டுவதற்கு முன், சேர்ந்துள்ள ரத்தக்கட்டியை அகற்றிவிட்டுச் சிறுநீரகத்தைக் கையில் ஏந்தி மெல்ல உயர்த்திப் பார்க்க வேண்டும். தோட்டத்து ரப்பர் குழாய் மடங்கினால் நீர் நிற்பது போல, நீளமான தமனியோ சிரையோ மடங்கியதாலேயே ஓட்டம் நின்றிருக்கலாம். சிறுநீரகத்தை வேறு கோணத்தில் கிடத்திய மாத்திரத்தில் அது இளஞ்சிவப்பாக மாறுவதைக் காணும்போது அறைக்குள் இருப்பவர்களின் தோள்கள் தளர்வது கண்கூடு. அப்போது செய்ய வேண்டியது, சிறுநீரகம் மீண்டும் புரளாதபடி அதன் உறையைப் பக்கத்துத் தசையோடு ஓரிரு தையல்களால் நிலைநிறுத்துவது மட்டுமே.

சிலருக்கு வயிற்றுச் சுவரை மூடியதுமே நிறம் மங்கும், திறந்தால் தெளியும். பெரியவரின் சிறுநீரகத்தைச் சிறிய உடலில் வைக்கும்போது இடம் போதாமல் ஏற்படும் அழுத்தம் இது. தசையை வலிந்து தைக்காமல் வலைத் துணி வைத்து மூடுவதாலோ, பெரிட்டோனிய உறையைத் திறந்து சிறுநீரகத்துக்கு உள்ளே இடமளிப்பதாலோ இது தீரும்.

ரத்தக்கசிவில் பெரும்பாலும் குற்றவாளி இணைப்புத் தையலாக இருப்பதில்லை. சிறுநீரகத்தின் வாயிலில், முதல் அறுவையின்போது சுருங்கியிருந்து கண்ணுக்குத் தப்பிய சிறு நாளங்கள், ரத்த அழுத்தம் ஏறியதும் கசியத் தொடங்குகின்றன. அவற்றைக் கட்டுவது எளிது. இணைப்பிலேயே கசிவு என்றால் ஓரிரு தையல்கள் போதுமா, முழு இணைப்பையும் பிரித்து மீண்டும் தைக்க வேண்டுமா என்பதை அங்கேயே தீர்மானிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: தமனி அடைப்பைச் சரிசெய்தல்

காரணங்கள் பல. தமனியின் உள்ளுறை கிழிந்து மடிப்பாகத் தொங்குவது, ஒன்றுக்கு மேற்பட்ட தமனிகள் கொண்ட சிறுநீரகம், குழந்தையிடமிருந்து பெற்ற சிறுநீரகத்தின் மெல்லிய நாளங்கள், அறுவைக்குப் பின் நீடித்த தாழ் ரத்த அழுத்தம், ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் போன்றவற்றால் ரத்தம் எளிதில் உறையும் கோளாறுகள் ஆகியவற்றை முதலில் சொல்லலாம். ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோ இது நேர்கிறது. ஆனால் நேர்ந்தால் சிறுநீரகம் தப்புவது அரிது.

ஹெப்பாரின் கொடுத்து, இணைப்புக்கு மேலும் கீழும் இடுப்புத் தமனியைக் கவ்வியால் இறுக்கிக் கிளாம்ப் செய்கிறார்கள். தமனியைத் திறந்து உறைவை எடுத்து, பலூன் கதீட்டரை மிகவும் மென்மையாகச் செலுத்தி மிச்சத்தை வெளியே கொணர்கிறார்கள். சிறுநீரகத்துக்குள் அதை ஆழமாகச் செலுத்தினால் உள்ளுறையே சிதைந்துவிடும். பிறகு குளிர்ந்த பாதுகாப்புத் திரவத்தை உட்செலுத்திக் கழுவி, சுற்றிலும் பனிக்கட்டியை வைத்துச் சிறுநீரகத்தைக் குளிர்விக்கிறார்கள். குளிர்வித்த நொடியிலிருந்து அவசரம் தணிகிறது. பழுதைத் திருத்தமாகப் பார்க்க அவகாசம் கிடைக்கிறது.

பழுது பெரிதென்றால் சிறுநீரகத்தை முழுவதும் கழற்றி, பக்கத்து மேசையில் பனிக்கட்டிப் பாத்திரத்தில் வைத்து மீண்டும் கழுவி, சேதமடைந்த முனையை வெட்டி, புதிய இடத்தில் இணைப்பது பாதுகாப்பானது. கிளாம்பை எடுத்ததும் நிறம் திரும்புகிறதா, தொட்டால் துடிப்பு தெரிகிறதா, டாப்ளர் கருவியில் ஓசை கேட்கிறதா என்று பார்க்கிறார்கள். சந்தேகம் இருந்தால் திசுத் துண்டு எடுத்து உடனடிப் பரிசோதனைக்கு அனுப்பலாம். நிராகரிப்பின் விளைவாக உள்நாளங்கள் அனைத்தும் அடைத்திருந்தால், எந்தத் தையலும் பயன்தராது.

ஆறாம் படி: சிரை அடைப்பைச் சரிசெய்தல்

இதுவும் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே நேர்கிறது. வலது சிறுநீரகத்தின் சிரை குட்டையானது. அதை இழுத்துத் தைக்கும்போது இறுக்கம் ஏற்படலாம். இடப்பக்கத்தில் பொருத்தும்போது, அங்குள்ள இடுப்புச் சிரை வலது இடுப்புத் தமனிக்கும் முதுகெலும்புக்கும் இடையே நசுங்கும் இயற்கை அமைப்பு சிலருக்குத் தடையாகிறது. சிரை முறுக்கிக்கொள்வது, ரத்தக்கட்டி அழுத்துவது, காலில் தொடங்கிய ஆழ்சிரை உறைவு மேலேறி வருவது ஆகியவை பிற காரணங்கள்.

இணைப்புக்கு இருபுறமும் இடுப்புச் சிரையைக் கட்டுப்பாட்டில் வைத்து, சிரையைத் திறந்து உறைவை வெளியேற்றுகிறார்கள். சிறுநீரகத்தை உள்ளங்கையால் மெல்ல அழுத்தினால் உள்ளிருக்கும் உறைவுகள் நழுவி வரும். தமனி ஓட்டம் இன்னும் ஓரளவு இருந்தால் அந்த ரத்தமே மிச்சத்தைத் தள்ளிக் கழுவிவிடும். முறுக்கு இருந்தால் இணைப்பைப் பிரித்து, நேராக்கி மீண்டும் தைக்க வேண்டும். சிரை குட்டை என்றால் இடுப்புச் சிரையைச் சுற்றியுள்ள கிளைகளைக் கட்டி அதை மேலே உயர்த்தலாம்; சிறுநீரகம் மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து வந்ததானால், அதனோடு எடுத்த பெருஞ்சிரைப் பகுதியைக் கொண்டு நீட்டிக்கவும் முடியும். நேரத்தோடு திறந்தால் தமனி அடைப்பைவிட இதில் நம்பிக்கை சற்றுக் கூடுதல். உறைவு சிரையை முழுவதும் மூடாமல், சில வாரங்கள் கழித்துத் தெரியவந்தால், உறைவெதிர்ப்பு மருந்தோ கதீட்டர் வழியாக உறைவைக் கரைக்கும் சிகிச்சையோ போதுமானதாக இருக்கலாம். புதிதாகத் தைத்த காயம் உள்ள முதல் நாள்களில் உறைவு கரைப்பான் ஆபத்தானது.

ஏழாம் படி: அகற்ற வேண்டிய நேரத்தில் அகற்றுதல்

ஓட்டத்தை மீட்ட பின்னும் சிறுநீரகம் கறுத்தே இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். இறந்த திசுவை உள்ளே விட்டால் நஞ்சேற்றமும், நோயெதிர்ப்பு குறைந்திருக்கும் அந்த உடலில் தொற்றும் உயிரையே பறிக்கக்கூடும். முதல் சில வாரங்களுக்குள் என்றால் முழுச் சிறுநீரகத்தையும் எளிதில் பிரித்தெடுத்து, இடுப்புத் தமனியின் திறப்பை நோயாளியின் சொந்தச் சிரைத் துண்டால் மூடலாம். மாதங்கள் கடந்திருந்தால் சுற்றிலும் தழும்பு இறுகியிருக்கும். அப்போது மேலுறையை விட்டுவிட்டு, அதற்குள்ளிருந்து சிறுநீரகத்தை உரித்தெடுப்பதே பாதுகாப்பு. பிறகு நோயெதிர்ப்பு அடக்கும் மருந்துகளை எவ்வளவு வேகத்தில் நிறுத்துவது என்பது தனிக் கேள்வி: விரைந்து நிறுத்தினால் எதிர்ப்பொருள்கள் பெருகி, அடுத்த தானத்துக்குப் பொருத்தம் கிடைப்பது கடினமாகலாம், நீட்டித்தால் தொற்று அச்சம் தொடரும்.

எட்டாம் படி: தாமதமாக வரும் தமனிச் சுருக்கம்

பொதுவாக மூன்று மாதங்களுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் இது தலைகாட்டுகிறது. மூன்று நான்கு மாத்திரைகளுக்கும் அடங்காத ரத்த அழுத்தம், கால் வீக்கம், திடீரென நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல், சிறுநீரகம் சரியாக வடிகட்டாதபோது ரத்தத்தில் கூடும் கழிவான கிரியாட்டினின் படிப்படியாக ஏறுவது ஆகியவை அடையாளங்கள். எனலாபிரில், டெல்மிசார்டான் வகை ரத்த அழுத்த மாத்திரையைத் தொடங்கியதும் கிரியாட்டினின் தாவி ஏறினால் இதை உடனே நினைக்க வேண்டும். டாப்ளரில் தமனியில் ரத்தம் பாயும் உச்ச வேகம் விநாடிக்கு 200 முதல் 250 சென்டிமீட்டருக்கு மேல் சென்றால் சந்தேகம் வலுக்கும். ஆஞ்சியோகிராம் அதை உறுதிசெய்யும். அயோடின் கலந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்ற அச்சம் இருந்தால் கார்பன்-டை-ஆக்சைடு வாயுவைச் செலுத்திப் படமெடுக்கவும் வழியுண்டு. சில வேளைகளில் குறை இடுப்புத் தமனியிலேயே, இணைப்புக்கு மேலே இருக்கும். அதையும் பார்க்காமல் விடக் கூடாது.

இங்கேதான் நிதானம் வேண்டும். முதல் சிகிச்சை, குறுகிய இடத்தைப் பலூனால் விரிப்பதும், அதைத் திறந்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்டும்தான். பெரும்பாலானோருக்கு அதுவே போதும். அறுவை என்பது பலூன் தோற்றவர்களுக்கும், கதீட்டர் கம்பி நுழைய முடியாத அளவுக்கு வளைந்த தமனி உள்ளவர்களுக்கும், இணைப்பை ஒட்டிய நீண்ட குறுக்கம் கொண்டவர்களுக்கும் உரியது. தழும்பினுள் தமனியைத் தேடிப் பிரிக்கும்போது சிறுநீரகத்தையோ சிறுநீர்க்குழாயையோ காயப்படுத்தும் வாய்ப்பு உண்மையானது. குறுகிய பகுதியை வெட்டி எடுத்து மீண்டும் இணைப்பது, சிரைத் துண்டு வைத்து அகலப்படுத்துவது, காலிலிருந்து எடுத்த சிரையால் மாற்றுப்பாதை அமைப்பது, உள் இடுப்புத் தமனியைத் திருப்பி இணைப்பது ஆகியவை வழிகள். எதைச் செய்தாலும் கிளாம்ப் செய்யும் நேரத்தைக் குறைவாக வைத்து, சிறுநீரகத்தைக் குளிர்ந்த திரவத்தால் காக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: பொய் ரத்தக்குமிழும் ஊசிப் பரிசோதனைக் காயங்களும்

திசுத் துண்டு எடுக்கும் பயாப்ஸி ஊசியால் சிறுநீரகத்துக்குள் தமனியும் சிரையும் இணைந்துவிடுவது உண்டு. பெரும்பாலானவை தாமாகவே மூடிவிடும். நீடித்த ரத்தச் சிறுநீரோ செயலிழப்போ இருந்தால் நுண்கதீட்டர் வழியாகச் சுருள் கம்பி வைத்து அந்தக் கிளையை மட்டும் அடைக்கிறார்கள்.

இணைப்புத் தையலிலேயே தோன்றும் பொய் ரத்தக்குமிழ், அதாவது தமனிச் சுவரின் கிழிசல் வழியே கசிந்த ரத்தம் பையாகத் திரள்வது, வேறு சாதி. அதன் பின்னால் பலமுறை தொற்று இருக்கிறது. கேண்டிடா பூஞ்சையும் சூடோமோனாஸ் பாக்டீரியாவும் அறியப்பட்டவை, சிறுநீரகத்தைப் பாதுகாத்த திரவத்திலிருந்தே அவை வந்திருக்கலாம். வெடித்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். உறையிட்ட ஸ்டென்ட் வைத்து ரத்தக்கசிவைத் தற்காலிகமாக நிறுத்தலாம். ஆனால் தொற்றுள்ள இடத்தில் அந்நியப் பொருளை விட்டுவைப்பது நிரந்தரத் தீர்வாகாது. பெரும்பாலும் சிறுநீரகத்தை அகற்றி, அழுகிய தமனிப் பகுதியை வெட்டியெறிந்து, சொந்தச் சிரையால் சீரமைக்கிறார்கள். அது இயலாதபோது அந்தத் தமனியைக் கட்டிவிட்டு, எதிர்த்தொடையிலிருந்து ரத்தம் கொண்டுவரும் மாற்றுப்பாதையால் காலைக் காப்பாற்றுகிறார்கள். வாரக்கணக்கில் பூஞ்சை எதிர்ப்பு மருந்தும் தொடர வேண்டியிருக்கும்.

பத்தாம் படி: அறுவைக்குப் பின்

ரத்த ஓட்டம் மீண்டதும் சிறுநீர் உடனே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. சேதமடைந்த உயிரணுக்கள் தேற சில வாரங்கள்கூட ஆகலாம், அதுவரை டயாலிசிஸ் துணையிருக்கும். அந்நாள்களில் ரத்த அழுத்தம் சரியாமல் பார்ப்பதும், டயாலிசிஸின்போது அதிக நீரை இழுக்காமல் இருப்பதும், முதல் சில நாள்கள் தினமும் டாப்ளர் செய்வதும் அவசியம். ஹெப்பாரின் கொடுப்பது மீண்டும் உறையாமல் காக்கும், ஆனால் புதிய தையலிலிருந்து கசியவும் வைக்கும். அளவை அடிக்கடி ரத்தம் சோதித்தே தீர்மானிக்கிறார்கள். நோயெதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் ரத்த அளவு உயர்ந்தாலும் சிறுநீரக நாளங்கள் சுருங்கும் என்பதால், கிரியாட்டினின் இறங்காத நிலையில் அதையும் பார்க்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினையோ குளோபிடோகிரலையோ, பல் பிடுங்குவதற்காகக்கூட, சிறுநீரக மாற்று மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

வீட்டுக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியில், சிறுநீரகம் எந்தப் பக்கம் உள்ளது, எந்தத் தமனியோடு எப்படி இணைக்கப்பட்டது, எத்தனை தமனிகள், பிறகு என்ன மாற்றம் செய்யப்பட்டது என்பவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். பின்னாளில் இதய ஆஞ்சியோகிராமுக்காகவோ அவசர டயாலிசிஸுக்காகவோ வேறோர் ஊரில் யாரேனும் அதே பக்கத் தொடையில் குழாய் செலுத்த முற்பட்டால், அந்தத் தாளைக் காட்டி, கூடுமானவரை மறுபக்கத் தொடையையோ மணிக்கட்டையோ கழுத்தையோ பயன்படுத்தச் சொல்ல வேண்டும்.